படமும் எழுத்தும்: மருத்துவக் காகிதங்களை மின்னஞ்சலில் அனுப்பும்போது

திருப்பாச்சூரிலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மருத்துவக் காகிதங்களுக்கென்று ஒரு பை இல்லாத வீட்டைக் காண்பது அரிது. துணிக்கடையில் கொடுத்த பையாகவோ, ஸ்கேன் நிலையம் தந்த பெரிய உறையாகவோ அது இருக்கும். இரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, நிறம் மங்கிய ஈ.சி.ஜி. தாள் எல்லாம் அதற்குள் அடங்கும். முன்பு அந்தப் பை நோயாளியின் கையோடு எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தது. இப்போது பல வேளைகளில் பை வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அதிலுள்ள செய்தி மட்டும் மின்னஞ்சலில் வருகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ ஷிப்டு பார்க்கும் மகனுக்கு விடுப்பு எளிதில் கிடைப்பதில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளுக்குத் தாயின் நிலையை நேரில் வந்து அறிய வழியில்லை. எனவே தாளைக் கைபேசியால் படமெடுத்து, அதிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்து, மின்னஞ்சலில் ஒட்டி அனுப்புகிறார்கள்.

இந்த வசதியை நாங்கள் வரவேற்கிறோம். 2020 மார்ச் மாதம் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், மின்னஞ்சலையும் மருத்துவ ஆலோசனைக்குரிய ஒரு வழியாக ஏற்றுக்கொண்டுள்ளன. ஆனால் பிரித்தெடுத்த எழுத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் படத்தை விட்டுவிடும் வழக்கம் பெருகி வருகிறது. இதில் உள்ள ஆபத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைபேசி எவ்வாறு படிக்கிறது?

அச்செழுத்தை இயந்திரம் படித்தறியும் கலை புதிதன்று. 1976இல் அமெரிக்கரான ரே கர்ஸ்வைல், பார்வையற்றோருக்காக அச்சுப் புத்தகத்தைப் படித்துக் குரலாக ஒலிக்கும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். அன்று அது மேசை அளவு இருந்தது. இன்று கூகுள் லென்ஸ் போன்ற செயலிகள் அதே பணியைக் கைபேசிக்குள்ளேயே செய்கின்றன. 2021 முதல் ஐபோன்களில் லைவ் டெக்ஸ்ட் என்ற பெயரில் இவ்வசதி உள்ளது. கண்புரையாலோ, சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டோ பார்வை மங்கிய முதியோருக்கு, மருந்துப் பெட்டியில் உள்ள பொடி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டவும் வாசித்துக் காட்டவும் கைபேசி உதவுகிறது.

ஆயினும் கைபேசி நம்மைப் போலப் பொருளுணர்ந்து படிப்பதில்லை. முதலில் படத்தில் இருண்ட பகுதியையும் வெளிர் பகுதியையும் பிரிக்கிறது. பிறகு வரிகளையும் எழுத்துகளையும் தனித்தனியே காண்கிறது. ஒவ்வொரு வடிவமும் எந்த எழுத்தாக இருக்கக்கூடும் என்று கணிக்கிறது. ஐயம் எழும் இடத்தில், தான் அதிகம் கண்டு பழகிய சொல் எதுவோ அதனை இட்டு நிரப்புகிறது. கதைப் புத்தகத்தில் ஓரெழுத்து பிழையானால் வாசகர் தாமே திருத்திப் படித்துக்கொள்வார். தமிழில் 'ர' என்ற எழுத்தும் துணைக்காலும் சில அச்சு வடிவங்களில் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும். 'எ', 'ஏ' வேறுபாடு ஒரு சிறு கோட்டில் உள்ளது. அத்தகைய பிழைகள் படிப்போர் கண்ணுக்கு உடனே தட்டுப்பட்டுவிடும். எண்களில் நேரும் பிழை அவ்வாறு தட்டுப்படுவதில்லை. 12.5 என்பதும் 125 என்பதும் பார்வைக்கு முறையான எண்களே.

ஒரு புள்ளியின் எடை

அண்மையில் எங்களுக்கு வந்த ஒரு மின்னஞ்சலை எடுத்துக்காட்டாகக் கூறலாம். இதய நோயுள்ள மூதாட்டி ஒருவருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவுக்காகத் தைராக்சின் மாத்திரை தொடங்கப்பட்டிருந்தது. இத்தகையோருக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்துவதே முறை. அவருக்கு எழுதப்பட்டது 12.5 மைக்ரோகிராம். வெளியூரிலுள்ள மகள் டிஸ்சார்ஜ் சம்மரியிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து, 'அம்மாவுக்கு இந்த மருந்துகளை ஆன்லைனில் வாங்கிவிடலாமா, டாக்டர்?' என்று கேட்டிருந்தார். அப்பட்டியலில் அந்த மாத்திரை 125 மைக்ரோகிராம் என்று இருந்தது. தாள் மடிந்திருந்த இடத்தில் புள்ளி மறைந்துவிட்டது. 125 மைக்ரோகிராம் மாத்திரையும் கடைகளில் கிடைப்பதால், விற்பவருக்கும் ஐயம் எழ வழியில்லை. பத்து மடங்கு அளவு அந்த இதயத்துக்கு நெஞ்சுவலியையும் துடிப்புக் கோளாற்றையும் விளைவித்திருக்கும். மகள் தாளின் படத்தையும் உடன் இணைத்திருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மடிப்பின் ஓரத்தில் புள்ளி தெரிந்தது. மாத்திரை வாங்கப்படுவதற்கு முன்பே திருத்தம் சென்று சேர்ந்தது.

இவ்வகைப் பிழைகள் நேரும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றை அறிந்துகொண்டால் கண்டுபிடிப்பது எளிது.

முதலாவது, அலகு. மைக்ரோகிராமைக் குறிக்கும் கிரேக்க எழுத்தைக் கைபேசி 'எம்' என்று படித்துவிட்டால் மைக்ரோகிராம் மில்லிகிராமாகிவிடும். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். இன்சுலின் யூனிட்டைக் குறிக்கும் ஆங்கில 'யு' எழுத்து சுழியமாகத் தோன்றினால் 4 யூனிட் 40 ஆகிவிடும்.

இரண்டாவது, வேளைக் குறிப்பு. 1-0-1 என்றால் காலையும் இரவும். 0-0-1 என்றால் இரவு மட்டும். நடுவிலுள்ள கோடுகள் விடுபட்டால் 101, 001 என்ற பொருளற்ற எண்களே எஞ்சும்.

மூன்றாவது, அட்டவணை. ஆய்வக அறிக்கையில் பரிசோதனையின் பெயர், முடிவு, அலகு, இயல்பு வரம்பு என நான்கு பத்திகள் இருக்கும். கைபேசி சில வேளைகளில் பெயர்களை எல்லாம் முதலிலும் எண்களை எல்லாம் பின்னரும் படித்துவிடும். இடையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அடுத்து வரும் எண்கள் அனைத்தும் ஒரு வரி மேலேறி, யூரியாவின் எண் கிரியாட்டினினுக்கு நேரே வந்து நிற்கும்.

நான்காவது, மருந்தின் பெயர். ஓசையிலும் வடிவிலும் ஒத்த பெயர்கள் மனிதரையே ஏமாற்றுகின்றன. சிறுநீர் பிரிய உதவும் லேசிக்ஸும் வயிற்றுப் புண்ணுக்கான லோசெக்கும் ஒன்றுக்கொன்று மாறிப்போனதால், 1990இல் அமெரிக்காவில் லோசெக்கின் பெயரையே பிரிலோசெக் என்று மாற்ற நேர்ந்தது. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும், இயன்றவரை பெரிய எழுத்துகளிலும் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016இல் விதி திருத்தியது. கையெழுத்திலான சீட்டுகளை எழுத்தாகப் பிரித்தெடுக்க முயலாதீர்கள், படமாகவே அனுப்புங்கள். ஈ.சி.ஜி. வரைபடத்துக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஆய்வகங்கள் இரத்தச் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் தருகின்றன. சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் மில்லிமோல் கணக்கு வழங்குகிறது. இங்கே 126 என்பது அங்கே 7. எண்ணோடு அலகையும் சேர்த்து எழுதாவிட்டால் வீண் அச்சம் உண்டாகும். அல்லது வீண் நிம்மதி உண்டாகும்.

கல்லும் மைப்படியும்

திருப்பாச்சூர் வாசீசுவரர் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். இத்தகைய கல்வெட்டுகளை அறிஞர்கள் எவ்வாறு படியெடுக்கிறார்கள் என்பது நமக்கு ஒரு நல்ல பாடம். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பார்கள். இதனை மைப்படி என்பர். மைப்படியைப் பார்த்து வாசகத்தை எழுதிய பிறகும் அதனை எறிந்துவிடுவதில்லை. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஹுல்ட்ஷ் காலந்தொட்டு மைப்படிகளைச் சேர்த்துப் பாதுகாக்கும் மரபு வளர்ந்துள்ளது. வாசகத்தில் ஐயம் எழுந்தால் மைப்படியையும், அதிலும் தெளியாவிட்டால் கல்லையும் பார்ப்பார்கள். உங்கள் கைபேசிப் படம் மைப்படி போன்றது. பிரித்தெடுத்த எழுத்து வாசகம் போன்றது. வீட்டுப் பையில் உள்ள தாள் கல் போன்றது. மூன்றும் வேண்டும்.

செய்முறை

தாளை மேசைமீதோ தரைமீதோ விரித்து, மடிப்புகளை நீவிவிடுங்கள். கேமரா கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். சன்னலோரப் பகல் வெளிச்சம் போதும். ஃபிளாஷ் போட்டால் வழவழப்பான தாள் பளபளத்து எழுத்து மறையும். உங்கள் நிழல் தாளின்மேல் விழாமல், நேர் மேலிருந்து, நான்கு மூலைகளும் தெரியுமாறு எடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தனிப்படமாக எடுங்கள். நோயாளியின் பெயரும் தேதியும் உள்ள பக்கம் விடுபடக்கூடாது. ஈ.சி.ஜி. தாளும் சில பில்களும் வெப்பத்தால் அச்சாகும் தாளில் உள்ளவை. அவை நாளடைவில் வெளுத்துவிடும் என்பதால் கிடைத்த அன்றே படமெடுப்பது நல்லது.

எழுத்தைப் பிரித்தெடுத்து மின்னஞ்சலில் ஒட்டிய பின், அனுப்புவதற்கு முன் இருவராக அமர்ந்து சரிபாருங்கள். ஒருவர் தாளைப் பார்த்து உரக்கப் படிக்கட்டும். மற்றவர் திரையைப் பார்க்கட்டும். 'பன்னிரண்டு புள்ளி ஐந்து, மைக்ரோகிராம், காலை ஒன்று' என்று புள்ளியையும் அலகையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். பள்ளியில் படிக்கும் பேரனும் பாட்டியும் சேர்ந்தே இதனைச் செய்துவிடலாம். அதன்பின் எல்லாப் படங்களையும் மின்னஞ்சலோடு இணையுங்கள். எழுத்து எங்களுக்கு விரைவாகப் படிக்கவும் பழைய விவரத்தைத் தேடவும் உதவும். மருந்தளவை முடிவு செய்யும்போது நாங்கள் படத்தையே பார்ப்போம்.

மின்னஞ்சலின் தலைப்பில் நோயின் பெயரை எழுதாதீர்கள். நோயாளியின் மருத்துவமனைப் பதிவு எண் போதும். ஆதார் அட்டையின் படம் தேவையில்லை. பெறுநர் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். கடையிலோ வேறொருவர் கணினியிலோ அனுப்ப நேர்ந்தால், படங்களை அழித்துவிட்டுக் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவ ஆவணத்தை நுண்மையான தனிப்பட்ட தகவல் என்று வகைப்படுத்துகின்றன. அதனை நீங்களும் அவ்வாறே கருதவேண்டும்.

தாள் தொலைந்துவிட்டதென்று கலங்கவேண்டாம். 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் மருத்துவர் பாதுகாக்கவேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென வாய் கோணுதல், கைகால் செயலிழத்தல் போன்றவற்றுக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்கலாகாது. 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். புறப்படும்போது காகிதப் பையையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.