வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையில் வளர வேண்டிய நம்பிக்கை

அரச வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பிரிவுக்கு அதிகாலையிலேயே வந்து, இலக்கத் துண்டைப் பெற்று, மணித்தியாலக் கணக்கில் வாங்கில் காத்திருக்கும் நோயாளிக்கு இறுதியில் வைத்தியரின் முன்னிலையில் கிடைப்பது சில நிமிடங்களே. "என்ன வருத்தம்?" என்ற கேள்விக்கு அவர் பதில் கூறி முடிப்பதற்குள் துண்டில் மருந்து எழுதப்பட்டு விடுகின்றது. தனக்கு வந்துள்ள நோய் எது, மருந்தை எத்தனை நாட்கள் பாவிக்க வேண்டும் என்பவற்றை அவர் மருந்து வழங்கும் ஊழியரிடமே கேட்டறிய வேண்டியுள்ளது. இக்காட்சி எம்மில் எவருக்கும் புதியதல்ல.

இதற்காக வைத்தியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. இலவச சுகாதார சேவையை நாடி வருவோரின் தொகை பெரிது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியதால் எஞ்சியோரின் சுமை மேலும் அதிகரித்தது. ஆயினும் நேரமின்மை மட்டுமே காரணம் என்று கூறிவிடவும் முடியாது. 1984 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 செக்கன்களில் வைத்தியர் குறுக்கிடுவது கண்டறியப்பட்டது. குறுக்கீடின்றிப் பேச விடப்பட்டவர்களில் எவரும் இரண்டரை நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளி முதலில் கூறும் முறைப்பாடே பிரதானமானது என்று கொள்ள முடியாதென்பதையும் அவ்வாய்வு சுட்டிக்காட்டியது. நெஞ்சு நோவைக் கூறத் தயங்கி, முதலில் இருமலைப் பற்றிப் பேசுபவர்கள் எம்மத்தியிலும் உள்ளனர்.

எமது நாட்டில் இதனுடன் மொழிப் பிரச்சினையும் சேர்ந்து கொள்கின்றது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்டது. எனினும், தமிழ் தெரியாத வைத்தியரிடம் தனது வேதனையை விளக்க முடியாது தவிக்கும் தோட்டத் தொழிலாளியை இன்றும் காணலாம். பெண் நோயாளியின் அந்தரங்க முறைப்பாட்டைச் சிற்றூழியரோ அவரது பிள்ளையோ மொழிபெயர்க்கும்போது அதில் பாதி சொல்லப்படாமலே போய்விடுகின்றது. ஒரே மொழி பேசுவோரிடையேயும் இடைவெளி உண்டு. மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுவதால், நோயைச் சாதாரண மக்களின் தமிழில் விளக்குவது தமிழ் பேசும் வைத்தியருக்கும் தனியாகக் கற்க வேண்டிய ஒன்றாகவே உள்ளது.

புரியாமையின் விளைவை நீண்டகால நோய்களில் தெளிவாகக் காணலாம். உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் அறிகுறியைக் காட்டுவதில்லை. அளவு சீரானதும் நோய் மாறிவிட்டது எனக் கருதி மாத்திரையை நிறுத்துபவர், அதனைச் சீராக வைத்திருந்ததே அம்மாத்திரைதான் என்பதை அறியார். ரமழானில் நோன்பு நோற்கும் நீரிழிவு நோயாளர் சிலர், வைத்தியர் தடுத்துவிடுவார் என்றஞ்சி அதனை மறைக்கின்றனர். இன்சுலினை வழமையான அளவிலேயே ஏற்றிக்கொண்டு பட்டினி இருந்தால் குருதியில் வெல்லம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். முன்கூட்டியே கூறியிருந்தால், நோன்பு பாதுகாப்பானதா என்பதை ஆராய்ந்து, மருந்தின் அளவையும் நேரத்தையும் வைத்தியர் மாற்றியமைத்திருக்க முடியும். கைமருந்தையும் நாட்டு வைத்தியத்தையும் மறைப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஏச்சுக்குப் பயந்த நோயாளி உண்மையைக் கூறமாட்டார். உண்மை தெரியாத வைத்தியரால் சரியான சிகிச்சை அளிக்கவும் இயலாது.

நம்பிக்கை தனிமனிதருக்கிடையில் மாத்திரம் உருவாவதுமில்லை, உடைவதுமில்லை. 2019 இல் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டு பரப்பப்பட்டது. அதற்கு ஆதாரமில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அவ்வாண்டிலேயே நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அதற்குள் வைத்தியரின் இனத்தைப் பார்த்துச் சந்தேகிக்கும் மனநிலை விதைக்கப்பட்டுவிட்டது. 2020 இல் கொவிட் தொற்றினால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி வரை அனுமதி கிடைக்கவில்லை. அக்காலத்தில் வைத்தியசாலைக்குச் செல்லவே அஞ்சிய முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. 2024 இல் அரசாங்கம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஆனால், இழந்த நம்பிக்கையை அறிக்கையொன்றினால் மீட்டுவிட முடியாது.

செய்யக்கூடியவை பல உள்ளன. தமிழ் பேசும் மக்கள் வாழும் பிரதேசங்களிலுள்ள வைத்தியசாலைகளுக்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்களை நியமிப்பது அரசின் கடமையாகும். மருந்து உறைகளிலும் அறிவுறுத்தல்கள் தமிழில் இருத்தல் வேண்டும். "விளங்கியதா?" என்று கேட்டால் நோயாளி தலையசைத்து விடுவார். "வீட்டுக்குப் போய் இந்த மருந்தை எப்படிக் குடிப்பீர்கள், சொல்லுங்கள்" என்று வைத்தியர் கேட்டால் தவறு அங்கேயே வெளிப்பட்டு விடும். இதற்குச் செலவாவது அரை நிமிடமே. நோயாளரும் பாவிக்கும் மருந்துகளையும் கிளினிக் கொப்பியையும் தவறாது கொண்டு செல்ல வேண்டும். கேட்க வேண்டியவற்றை முன்னரே குறித்து வைத்திருக்க வேண்டும்.

நோயாளியின் சுயாதீனத்தையும் கண்ணியத்தையும் மதிப்பேன் என்னும் வாசகம் மருத்துவர்களுக்கான ஜெனீவாப் பிரகடனத்தில் 2017 இல் சேர்க்கப்பட்டது. அவ்வாசகம் எமது வெளிநோயாளர் பிரிவின் வாங்கில் காத்திருக்கும் ஏழைக்கும் உரியது என்பதை உணர்ந்து செயற்படுவார்களாயின், பாதி நோய் அங்கேயே குணமாகும்.