உள்ளே இடம் இல்லை!
கூடாரத்தில் தொடங்கிய கோவில்களின் கதை

கோவிலுக்கு ஆள் வரவில்லையே என்று கவலைப்படும் ஊர்கள் உண்டு. வந்த ஆளை எங்கே உட்கார வைப்பது என்று கவலைப்படும் ஊர்களும் உண்டு!

சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில் கிறிஸ்துமஸ் அன்றும், வருஷக் கடைசி இரவு ஆராதனை அன்றும் கிறிஸ்தவ கோவில்களுக்குப் போனால் இந்தக் கவலை புரியும். உள்ளே இடம் இல்லை. வாசலில் இடம் இல்லை. தெருவில் போட்ட பந்தலிலும் இடம் இல்லை. கைக்குழந்தைக்காரிகள் மரத்தடியில் நின்று ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்பார்கள்.

ஆனால், இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் நிலைமை வேறு. அப்போது கோவிலே இல்லை. ஒரு கூடாரம்தான் இருந்தது.

கூடாரமே கோவில்

ராக்லாந்து ஐயர் என்று ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 1841ல் கணிதப் பரீட்சையில் 4வதாகத் தேறியவர். சீமையில் சௌகரியமாக இருந்திருக்கலாம். அவரோ 1854ல் திருநெல்வேலிச் சீமையின் வடபகுதிக்கு வந்தார். இன்றைய சிவகாசிப் பக்கம் அதில் அடங்கியதுதான்.

ஓர் ஊரில் கூடாரம் அடிப்பார், ஜனங்களிடம் பேசுவார். பிறகு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊர் போவார். கரிசல் காட்டு வெயில் அவர் உடம்பை உருக்கியது. 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே உயிர் துறந்தார். வயது 43தான்.

பின்னாளில் தீப்பெட்டித் தொழில் வந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் அந்தத் தொழிலைக் கற்றுவந்தார்கள். அடுத்துப் பட்டாசு வந்தது; அச்சாபீஸ் வந்தது. மழை பொய்த்த கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வேலை தேடி வந்தார்கள். 2021ல் சிவகாசி மாநகராட்சியே ஆயிற்று. ஊர் வளர்ந்தால் பள்ளிக்கூடத்தில் இடம் போதாது. ஆஸ்பத்திரியில் இடம் போதாது. கோவிலுக்கும் அதே கதிதான்.

புயல் இடித்தது, ஊர் எழுப்பியது

தெற்கே, செம்மண் தேரிக்காட்டில் மெஞ்ஞானபுரம் இருக்கிறது. அங்கே ஜான் தாமஸ் ஐயர் ஊழியம் செய்தார். 1845ல் பெரும் புயல் அடித்துப் பழைய கோவிலைச் சாய்த்தது. ஜனங்கள் சோர்ந்துவிடவில்லை. 1847ல் பெரிய கோவில் திறக்கப்பட்டது. ஊசி போன்ற அதன் கோபுரம் 1868ல்தான் முடிந்தது. உயரம் 192 அடி!

இடையன்குடியில் இன்னும் பொறுமை வேண்டியிருந்தது. தமிழறிஞர் கால்டுவெல் அங்கே 1847ல் கோவில் வேலையைத் தொடங்கினார். ஜன்னலின் வேலைப்பாடு கொத்தர்களுக்குப் புரிய வேண்டும் என்று களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார். கோவில் திறந்தது 1880ல். 33 வருஷம்! அஸ்திவாரம் போட்டபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை, திறப்பு விழாவுக்குத் தன் பிள்ளைகளோடு வந்திருக்கும்.

இடையில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அந்த நாளில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காக வந்த கூட்டம் என்று ஏசியவர்களும் உண்டு. ஏசினாலும் சரி, வாழ்த்தினாலும் சரி, வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமே!

எத்தனை பேருக்குக் கட்டுவது?

இடம் போதாத சபைக்கு மூன்று வழி உண்டு.

முதல் வழி: கட்டடத்தை நீட்டுவது. வேளாங்கண்ணி இதற்குச் சாட்சி. புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகள் அங்கே எழுப்பிய கோவில் 24 அடி நீளம், 12 அடி அகலம்தான். பிறகு அது பலமுறை விரிந்தது. 1962ல் பேராலயம் என்ற பட்டம் கிடைத்தது. 1970களில் பின்புறம் மாடியோடு புதுப் பகுதி எழுந்தது.

இரண்டாவது வழி: ஆராதனையை இரண்டாக்குவது. விடியற்காலையில் ஒன்று, எட்டரை மணிக்கு ஒன்று. செலவு இல்லை. ஆனால் மாமியார் முதல் ஆராதனை, மருமகள் இரண்டாவது ஆராதனை என்று குடும்பம் பிரியும். போதகருக்கும் தொண்டை கட்டும்!

மூன்றாவது வழி: சபையையே இரண்டாக்கி, ஊரின் மறுகோடியில் புதுக் கோவில் கட்டுவது. நடக்க முடியாத கிழவிக்கு இது வரப்பிரசாதம். ஆனால், "என் பாட்டன் கல் சுமந்து கட்டிய கோவிலை விட்டு எப்படிப் போவேன்?" என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

இன்னொரு கேள்வியும் உண்டு. கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு ஏற்பக் கட்டினால், மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி இடம் காலியாகக் கிடக்கும். ஞாயிறு கூட்டத்துக்கு ஏற்பக் கட்டினால், பண்டிகையில் பாதிப் பேர் தெருவில் நிற்பார்கள். அதனால் பக்கவாட்டில் அகலமான தாழ்வாரமும், பந்தல் போட முற்றமும் விடுவது புத்திசாலித்தனம். பழைய கோவில்களில் எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். பெஞ்சு வந்தது; முழங்காலுக்குச் சுகம் வந்தது. ஆனால் இடம் குறைந்தது!

பட்டாசு ஊரின் சிக்கல்

இந்த வட்டாரத்தில் மலிவாக ஒரு நிலம் கிடைத்தால் உடனே வாங்கிவிட முடியாது. பக்கத்தில் பட்டாசு ஆலையோ, மருந்துக் கிடங்கோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடிபொருள் சட்ட விதிகளின்படி, இப்படிப்பட்ட இடங்களுக்கும் ஜனங்கள் கூடும் கட்டடங்களுக்கும் நடுவே பாதுகாப்பு இடைவெளி வேண்டும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போல வழிபாட்டு இடமும் அந்தக் கணக்கில் சேரும். ஆலையில் கூலி வாங்கும் குடும்பங்களே கோவிலிலும் கூடுகின்றன. ஒரு விபத்து அவர்களை இரண்டு இடத்திலும் தாக்கிவிடக்கூடாது அல்லவா?

பிடி அரிசியின் பலம்

பணத்துக்கு எங்கே போவது? தென்பாண்டிச் சபைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது தாய்மார் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அது கோவிலுக்கு. அறுப்பின் பண்டிகையில் முதல் முருங்கைக்காயும், சேவலும், வாழைத்தாரும் ஏலத்துக்கு வரும். அந்தக் காசும் கோவிலுக்கு.

விருதுநகருக்கு இது புதிதல்ல. அங்கே 1885ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலையை இந்துக் குடும்பங்கள் வளர்த்ததும் இப்படித்தான். வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். வீடுகளில் பிடி அரிசி கொடுத்தார்கள். அந்தப் பள்ளியில் படித்த ஒரு சிறுவன்தான் காமராஜர்!

பிடி அரிசியில் ஒரு நியாயமும் இருக்கிறது. பணக்காரர் ஒருவரே கட்டிக் கொடுத்தால் கோவில் அவர் பெயரில் நிற்கும். எல்லா அடுப்படியிலிருந்தும் அரிசி வந்தால், பின்னால் வருகிற ஏழையைப் பார்த்து "உனக்கு இடம் இல்லை" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.