உப்புக்காற்று கண்ட பொருள்

பழைய மிக்சியோ ஆம்ப்ளிஃபயரோ வாங்கப் போனால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை வருஷம் ஆச்சு?" குமரி மாவட்டத்தில் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அது இதுவரை எந்த ஊரில் இருந்தது என்பதை. குளச்சலிலோ முட்டத்திலோ கடலைப் பார்த்த வீட்டில் ஐந்து வருஷம் ஓடிய டிவி, பூதப்பாண்டியில் பத்து வருஷம் ஓடியதைவிடத் தளர்ந்து போயிருக்கலாம். காற்றில் வரும் உப்பு சர்க்யூட் பலகையில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். போகக் கூடாத வழியில் கரண்ட் கசிகிறது, செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரிக்கப்படுகின்றன. இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. அந்த ஈரம் முழுதாகக் காயவும் நாள் கிடைப்பதில்லை. கடைக்காரர் ஊரைச் சொல்லாவிட்டாலும் பின்மூடியின் திருகாணிகள் சொல்லிவிடும். அவை துருவேறியிருந்தால், ஸ்விட்சைப் போட்டதும் ஓடுகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

கடல் கடந்து வந்த பொருளுக்கும் இதே கேள்விதான். வளைகுடா வேலைக்குப் போகாத குடும்பம் குறைவான ஊர்களில், அங்கிருந்து வந்த சாமான்கள் கைமாறுவது இயல்பு. துபாயிலும் கத்தாரிலும் நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். சவுதி அரேபியாவில் 60. அங்கே வாங்கிய மோட்டார் சாமான்களில் பல இங்கே மெதுவாகச் சுற்றும், கூடுதலாகச் சூடாகும். பழைய சவுதி சாமான்களில் 127 வோல்ட்டுக்குச் செய்தவையும் உண்டு; அவற்றை நேரடியாக நம் பிளக்கில் செருகினால் புகைதான். பின்னால் ஒட்டிய தகட்டை வாசிக்காமல் விலை பேசவே கூடாது.

வயது பொருட்டே இல்லையா என்றால், செல்போனிலும் மடிக்கணினியிலும் நிச்சயம் பொருட்டுதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகள் இனி விலை குறையும். பள்ளிப் பிள்ளைக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்க நினைப்பவருக்கு அது நல்ல காலம். வங்கிக் கணக்கைப் பழைய விண்டோஸிலேயே பார்க்க நினைப்பவருக்கு ஆபத்து. திருட்டுப் பொருளாக இருக்குமோ என்ற பயமும் நியாயமானதே. போனில் *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் தெரியும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தப் போன் முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். மிக்சிக்கு அப்படியொரு எண் இல்லை; அதற்குப் பழைய பில்லைக் கேட்பதே வழி.