இறையிலி முதல் மானியம் வரை: தகடூர்ப் பகுதியில் அரசு ஆதரவைக் குறிக்கும் சொற்களும் அவற்றின் பொருள்மாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

உழவு, காடு, மீன்பிடி, குதிரை வளர்ப்பு ஆகிய தொழில்களுக்கு அரசு அளித்துவந்த ஆதரவு காலந்தோறும் வெவ்வேறு சொற்களால் குறிக்கப்பட்டுள்ளது. வீடு, இறையிலி, உம்பளம், தக்காவி, மானியம் ஆகியன அவற்றுள் சில. பழந்தகடூரை உள்ளடக்கிய இன்றைய தருமபுரி மாவட்டத்தைக் களமாகக் கொண்டு இச்சொற்களின் பொருள்மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது. கடமையோடு கூடிய நில உரிமையைக் குறித்த ‘மானியம்’, கடமை நீங்கிய பண உதவியைக் குறிப்பதாக மாறியது எவ்வாறு என்பதும், அம்மாற்றத்திற்குப் பின்னும் மாறாது நிற்கும் கூறு எது என்பதும் இதன் வினாக்கள்.

திறவுச்சொற்கள்: தகடூர், இறையிலி, ஏரிப்பட்டி, தக்காவி, மானியம், ஆவணப்பதிவு.

முன்னுரை

சேலம் மாவட்டத்திலிருந்து 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. பெரும்பகுதி மானாவாரி நிலமும், சித்தேரி முதலிய மலைகளும், ஒகேனக்கல் வழியாக மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடையும் காவிரியும் கொண்ட நிலப்பரப்பு இது. மழை பொய்த்தால் விளைவு பொய்க்கும் இத்தகைய நிலத்தில், ஆள்வோர் குடிகளுக்கு எதை விட்டுக்கொடுத்தனர், எதை வழங்கினர், எதைத் திருப்பிக் கேட்டனர் என்னும் வினா வாழ்வோடு நேரடித் தொடர்புடையது. அவ்வினாவிற்கான விடையின் ஒரு பகுதி சொற்களில் படிந்துள்ளது.

சங்கப் பாடல்களில் ஆதரவின் வடிவங்கள்

அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்த செய்தியை ஔவையார் புறநானூற்று 99ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய 392ஆம் பாடலிலும் அச்செய்தி இடம்பெறுகிறது. ஒரு பயிரின் வரவு அரசகுடியின் பெருமையாக இருமுறை நினைக்கப்படுவது கருதத்தக்கது. புதுப்பயிரை நாட்டிற்குள் கொணர்தல் ஆள்வோரின் செயலாகப் போற்றப்பட்டது என்பதை இதனால் உணரலாம். இன்று அதே நிலப்பரப்பில் பாலக்கோட்டிலும் அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. இரண்டிற்கும் இடையே நேரடித் தொடர்ச்சி உண்டெனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் கரும்பும் அரசும் இணைத்தே பேசப்படும் மரபு இங்குப் பழமையானது.

புறநானூறு காட்டும் ஆதரவு வடிவங்களுள் இரண்டு இங்குக் கருதத்தக்கன. ஒன்று நீர்நிலை அமைத்தல். பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறும் அறிவுரை (புறம். 18) இதற்குச் சான்று. மற்றொன்று நிலுவை நீக்கம். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடி, பழைய நிலக்கடனை வீடு பெற்றார் (புறம். 35). படையின் வெற்றிக்கும் உழவின் விளைவே அடிப்படை என்பது அப்பாடலின் வாதம். இங்கு ‘வீடு’ என்பது விடுதலை, அதாவது கட்டிலிருந்து விடுபடுதல். கடன் நீக்கத்திற்கும் பிறவி நீக்கத்திற்கும் ஒரே சொல் பயின்றது. பிசிராந்தையாரின் பாடல் (புறம். 184) வரியின் அளவைப் பற்றியது. அளவறிந்து கொள்ளாத அரசு தானும் உண்ணாது, உலகையும் கெடுக்கும் என்பது அதன் கருத்து. எனவே ஆதரவு என்பது தருவது மட்டுமன்று, அளவோடு கொள்வதும் ஆகும் என்னும் கருத்து சங்கப் புலவரிடம் தெளிவாக இருந்தது.

கல்வெட்டுச் சொற்கள்: கடமையோடு கூடிய உரிமை

கல்வெட்டுக் காலத்தில் ஆதரவு நிலத்தின் வழியாக நிலைபெற்றது. வரி நீக்கப்பட்ட நிலம் ‘இறையிலி’ எனப்பட்டது. பணிக்கு ஈடாக விடப்பட்ட நிலம் ‘உம்பளம்’ எனவும், ஏரியைப் பேணுதற்கு ஒதுக்கப்பட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’ எனவும் வழங்கின. போரில் வீழ்ந்தவனின் உறவினர்க்கு விடப்பட்ட நிலம் ‘உதிரப்பட்டி’ எனப்பட்டது. தொறுப் பூசலில் ஆநிரை காத்து வீழ்ந்த வீரர்க்கு எடுத்த நடுகற்கள் மிகுந்த தருமபுரிப் பகுதியில் இச்சொல்லின் பொருளை எளிதில் உணரலாம். கால்நடையே செல்வமாக இருந்த நாட்டில் அதைக் காத்தவனின் குடும்பத்தைப் புரத்தல் ஆள்வோரின் கடமையாயிற்று.

இச்சொற்கள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. உரிமை ஏதேனும் ஒரு பணியோடு, அல்லது முடிந்துபோன ஒரு செயலோடு பிணைந்திருந்தது. ஏரிப்பட்டியை உண்பவன் ஏரியைக் காக்க வேண்டும். மீன்பிடிக்கும் இதே நெறி விரிந்தது. ஏரி மீனின் மீதான வருவாய் ‘பாசிப்பாட்டம்’ எனப்பட்டது. அவ்வருவாயை ஏரியின் மண்ணெடுப்பிற்கும் பழுதுபார்ப்பிற்கும் ஒதுக்கிய செய்திகள் தமிழகக் கல்வெட்டுகளில் உண்டு. நீரில் விளைந்தது நீர்நிலைக்கே திரும்பியது.

‘மானியம்’ என்பது வடமொழி ‘மான்ய’ என்பதன் வழிவந்தது. மதிப்பிற்குரியது என்பது அதன் அடிப்படைப் பொருள். வரியின்றி அல்லது குறைந்த வரியோடு விடப்பட்ட நிலத்தை அது குறித்தது. கோயில் மானியம், ஊழிய மானியம் முதலிய தொடர்களில் கடமைப் பொருள் இன்றும் நிழலாடுகிறது.

பாராமகாலும் தக்காவியும்

திப்பு சுல்தானுடன் 1792இல் செய்யப்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராகத் தருமபுரியில் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் இப்பகுதியில் நிலத்தை அளந்து, உழவனோடு நேரடியாக வரி முடிவு செய்யும் முறையை வளர்த்தனர். பின்னாளில் இரயத்துவாரி என மாகாணம் முழுதும் பரவிய முறைக்கு இங்கேயே வித்திடப்பட்டது. அரசு உழவனைப் பெயரால் அறியத் தொடங்கிய தருணம் இது. கணக்கில் பெயருடையவனே வரி செலுத்துபவன், அவனே உதவிக்கும் உரியவன் என்னும் நிலை உருவாயிற்று.

அவ்வுதவிக்கு வழங்கிய சொல் ‘தக்காவி’. விதை, மாடு, கிணறு ஆகியவற்றிற்காக அரசு உழவர்க்குத் தந்த முன்பணம் அது. 1883ஆம் ஆண்டின் நிலமேம்பாட்டுக் கடன் சட்டமும் 1884ஆம் ஆண்டின் உழவர் கடன் சட்டமும் இதனைச் சட்ட வடிவாக்கின. தக்காவி திருப்பிச் செலுத்தவேண்டிய கடன். வெள்ளைக்குடி நாகனார் பெற்ற ‘வீடு’ நிலுவையைத் துறந்தது, தக்காவியோ புதிய நிலுவையை உண்டாக்கியது.

இதே நூற்றாண்டில் மானியத்தின் பொருளும் உடைந்தது. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம், ஒரு சிறுவரியை விதித்து மானிய நிலங்கள் பலவற்றைப் பணிக்கடமையிலிருந்து விடுவித்தது. நிலம் தனியுடைமை ஆயிற்று. பணி நீங்கிற்று. விடுதலைக்குப் பின் 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் எஞ்சிய மானியங்களை இரயத்துவாரி நிலங்களாக மாற்றியது. பொருளை இழந்த சொல் அழியவில்லை. ஆட்சித்தமிழில் ‘அரசு தரும் பணம்’ என்னும் புதுப்பொருளுக்கு இடம்கொடுத்தது.

குதிரை: படைத்தேவையும் பந்தயமும்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824இல் படைக்குரிய குதிரைகளை வளர்க்கும் பண்ணை நிறுவப்பட்டது. 1965 முதல் 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த இவ்விடம் பின்னர்க் கால்நடைப் பண்ணையாக மாறி இன்றும் இயங்குகிறது. குதிரை வளர்ப்பிற்கு அரசு ஆதரவு படைத்தேவையால் எழுந்தது. தேவை மறைந்ததும் பண்ணை உழவனின் மாட்டிற்கு உரியதாயிற்று.

பந்தயக் குதிரையின் நிலை வேறு. தமிழ்நாடு அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1996இல் உச்ச நீதிமன்றம் பந்தயம் திறன்சார்ந்த விளையாட்டே, சூதன்று எனத் தீர்ப்பளித்தது. ஆதரிக்கும் தொழிலாக அன்றி, வரி பெறும் துறையாகவே அரசு இதனைக் கண்டது. சரக்கு மற்றும் சேவை வரியில் பந்தயப் பணயம் மிக உயர்ந்த அடுக்கில் வைக்கப்பட்டுள்ளது. உழவு, காடு, மீன், பந்தயம் ஆகியன ஒரே பட்டியலில் அடுக்கப்படினும் அரசு அவற்றோடு கொள்ளும் உறவு ஒன்றன்று.

இன்றைய வழக்கும் ஆவணப்பதிவும்

தற்கால ஆட்சித்தமிழில் ஆதரவுச் சொற்கள் பெருகியுள்ளன. கடன் ‘தள்ளுபடி’ பழைய ‘வீடு’ என்பதன் இன்றைய வடிவம். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. ‘ஆதரவு விலை’ என்னும் தொடர் தருமபுரிக்குத் தனிப்பொருள் தருகிறது. இம்மாவட்டத்தின் முதன்மை உணவுப்பயிரான கேழ்வரகிற்கு 2023-24ஆம் ஆண்டின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டமும் தொடங்கியது. விளைவிப்போரிடம் கொள்வதும் உண்போர்க்கு வழங்குவதும் ஒரே நிலத்தில் இணைவதால் இத்திட்டம் பழைய ஏரிப்பட்டி நெறியை நினைவூட்டுகிறது.

கடமை நீங்கினும் நீங்காது நிற்கும் கூறு ஆவணப்பதிவே. 2019இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் உழவர் நிதித்திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் தருகிறது. நில உடைமைப் பதிவு உள்ளவர்க்கே அது உரியது. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் உழவரே ஆயினும் அத்திட்டத்தின் ‘உழவர்’ என்னும் சொல்லுக்குள் அடங்கார். மீன்பிடியிலும் இந்நிலை உண்டு. 2020இல் தொடங்கிய மீன்வளத் திட்டத்தில் குளம் அமைப்போர்க்கு 40 விழுக்காடும், மகளிர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர்க்கு 60 விழுக்காடும் மானியம் உண்டு. எஞ்சிய பங்கைத் தாமே இடவும், குளத்திற்குரிய நிலத்தைக் காட்டவும் இயலாதவர்க்கு அவ்விழுக்காடு எட்டாது. ஆற்றில் பரிசலோட்டி வலைவீசுபவர்க்கு அத்தகைய நிலம் ஏது?

காட்டில் இதன் விளைவு கடுமையானது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டைக் ‘காப்புக்காடு’ ஆக்கியபோது காப்பவர் யார், எவரிடமிருந்து காப்பது என்பன ஐயத்திற்கு இடமின்றி வரையறுக்கப்பட்டன. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சென்ற வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடி மக்கள் மீது நிகழ்த்திய வன்கொடுமை அவ்வரையறையின் மிகக் கொடிய வெளிப்பாடு. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் உயிருடன் இருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023இல் அதே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. காடு வளர்ப்பிற்கு அரசு செலவிடும் நிதி எவ்வளவாயினும், காட்டில் வாழ்பவரை அயலவராகக் கருதும் சொல்லாட்சி மாறாதவரை அது ஆதரவு எனும் பெயருக்கு உரியதாகாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ‘உரிமை’ என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே கொண்டிருப்பது இவ்வகையில் குறிப்பிடத்தக்க மாற்றம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆதரவைக் குறிக்கும் சொற்கள் நிலுவையை விடுதல், வரியை நீக்குதல், கடன் தருதல், பணம் தருதல் என நான்கு வேறுபட்ட செயல்களைக் குறிக்கின்றன. இவற்றை ஒன்றாகக் கருதுதல் பிழை. இரண்டாவது, ‘மானியம்’ என்னும் சொல் பணிக்கடமையை இழந்ததோடு பரம்பரை உரிமையையும் இழந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அறிவிப்பாகச் சுருங்கியது. மூன்றாவது, கல்லில் பொறித்த பெயராயினும் கணினியில் ஏறிய பட்டா எண்ணாயினும், பதிவில் உள்ளவர்க்கே ஆதரவு சென்றடைகிறது.

அகராதித் துறைக்கும் இங்குப் பணி உண்டு. சட்டமன்றத்தில் வைக்கப்படும் ‘மானியக் கோரிக்கை’, பல்கலைக்கழகங்களுக்கு நிதி வழங்கும் ‘மானியக் குழு’, உழவருக்குரிய ‘உர மானியம்’ ஆகிய மூன்றிலும் ஒரே சொல் மூன்று பொருளில் வழங்குகிறது. முதல் இரண்டையும் பெறுவோரை எவரும் இரப்பவராகக் கருதுவதில்லை. மூன்றாவதைப் பெறுபவரே அவ்வாறு கருதப்படுகிறார். மானியத்தின் வேர்ப்பொருள் மதிப்பு என்பதை நினைவூட்டுவது சொல்லாராய்ச்சியால் இயலும். வாரம் உழுபவனையும் வலை வீசுபவனையும் காட்டில் வாழ்பவனையும் பதிவில் ஏற்றுவது ஆட்சியின் கடமை.