மினோற்றோரும் மெழுகுதிரிச் சிறுமியும்

‘மினோற்றோரோமாக்கி’ என்பது பப்லோ பிக்காசோ 1935 இல் பாரிஸில் உருவாக்கிய செதுக்கச்சு ஓவியம். ஏறத்தாழ 50 செ.மீ. உயரமும் 70 செ.மீ. அகலமும் கொண்டது. மனித உடலும் காளைத் தலையும் உடைய மினோற்றோர் கிரேக்கப் புராணத்தில் வரும் உருவம். கிரீட் தீவின் மன்னன் மினோஸ் அதனைச் சிக்கலான சுழல்வழி மாளிகையில் அடைத்து, அதென்ஸ் நகரத்து இளைஞரையும் யுவதிகளையும் அதற்கு இரையாக்கினான். இறுதியில் தீசியஸ் என்னும் வீரன் அதைக் கொன்றான். யாழ்ப்பாணக் கோயில்களில் விஜயதசமியன்று மானம்பூ விழாவில் வதமாகும் எருமைத்தலை மகிடாசுரனை அறிந்தவர்களுக்கு இக்கதை அந்நியமானதன்று.

பிக்காசோ அந்தக் கதையை அப்படியே வரையவில்லை. வலப்புறமிருந்து மினோற்றோர் பெருங்கையை நீட்டியபடி வருகிறது. நடுவே வயிறு கிழிந்த குதிரையின் மேல், காளைப்போர் வீராங்கனை ஒருத்தி வாளோடு துவண்டு கிடக்கிறாள். இடப்புறம் தாடிக்காரர் ஒருவர் ஏணியில் ஏறித் தப்புகிறார். மேலே சாளரத்தில் இரு பெண்கள் புறாக்களோடு நிற்கின்றனர். சிறுமி ஒருத்தி மட்டும் ஒரு கையில் பூங்கொத்தும் மறுகையில் மெழுகுதிரியும் ஏந்தி, அந்தப் பேருருவை நேருக்கு நேர் பார்க்கிறாள்.

செதுக்கச்சில், உலோகத் தகட்டின்மேல் அமிலம் தாக்காத மெழுகுப் பூச்சு இடப்படும். ஓவியர் ஊசியால் அதைக் கீறி வரைவார். தகட்டை அமிலத்தில் இடும்போது கீறிய இடங்கள் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அப்பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளோடு அழுத்து எந்திரத்தில் செலுத்தினால் படம் இடவலம் மாறித் தாளில் பதியும். கோடுகளை நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தால் இருள் திரளும். இந்த ஓவியத்தில் மினோற்றோரைச் சூழ்ந்த இருளும் சிறுமியின் முகத்து வெளிச்சமும் அவ்வாறு பிறந்தவையே.

உள்ளத்து உணர்ச்சியை வெளிப்படுத்த உருவங்களைத் திரித்துக் காட்டும் வெளிப்பாட்டுவாதம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வலுப்பெற்றது. பிக்காசோ அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். எனினும், அச்சத்தையும் வேதனையையும் உருவத் திரிபாலும் ஒளி–இருள் மோதலாலும் உணர்த்தும் இவ்வோவியம் அந்த மரபுக்கு மிக நெருங்கியது.

1937 ஏப்ரல் 26 இல் ஸ்பெயினின் கேர்னிக்கா நகரம் குண்டுவீச்சுக்கு இலக்கானபோது, பிக்காசோ அதே பெயரில் பேரோவியம் ஒன்றைத் தீட்டினார். காயமுற்ற குதிரை, காளை, விளக்கேந்திய பெண் ஆகியோர் அதிலும் இடம்பெற்றனர். பண்டைய புராணத்தைத் துணைகொண்டு தம் காலத்தின் கொடுமையைப் பேசும் வழியை, இரண்டாண்டுகளுக்கு முன்பே இச்செதுக்கச்சு அவருக்குத் திறந்துவிட்டிருந்தது.