‘என்னை உள்ளே விடாதே’ என்றவர்களுக்கும் இலவச அழைப்பு! செல்போன் சூதாட்ட கம்பெனிகளின் லட்சணம்

குடியை விட நினைக்கும் ஒருவர் கடைக்காரரிடம் போய், "அய்யா, இனிமேல் நானே வந்து கெஞ்சினாலும் எனக்கு ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு வருகிறார். சில நாள் கழித்து அதே கடைக்காரர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "வாங்க, இன்னைக்கு ஓசி" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்?

இங்கிலாந்தில் செல்போன் சூதாட்ட கம்பெனி ஒன்றின் வேலை இப்படித்தான் இருந்தது. ஒருவர் இருவருக்கு அல்ல. 41 ஆயிரத்து 395 பேருக்கு அழைப்பு போனது!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தனக்குத் தானே பூட்டு

இங்கிலாந்தில் சூதாட்டம் லைசென்சு பெற்று நடத்தப்படும் தொழில். அதைக் கண்காணிக்க அரசாங்கம் ஒரு கமிஷன் வைத்திருக்கிறது. தப்பு செய்யும் கம்பெனிக்கு கமிஷன் அபராதம் போடும். என்ன தப்பு என்பதையும் ஊரறிய வெளியிட்டுவிடும். அதனால்தான் இந்த சமாசாரங்கள் எல்லாம் வெளியே வந்தன.

அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. சூதாட்ட வெறியில் இருந்து மீள நினைப்பவர், "என் கணக்கை மூடிவிடு, என்னை உள்ளே விடாதே" என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கலாம். தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் பூட்டு அது. பூட்டுவது அவர். சாவி இருப்பதோ கம்பெனியிடம்!

2021-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, 'ஸ்கை வேகாஸ்' என்ற ஆட்டத்தின் சார்பில் ஒரு ஈ-மெயில் போனது. "5 பவுண்டு கட்டி ஆடினால் 100 சுற்று இலவசம்" என்பது அதன் சாரம். தன்னைத் தானே தடுத்துக்கொண்ட 41 ஆயிரத்து 395 பேருக்கும் அது போய்ச் சேர்ந்தது. "எனக்கு விளம்பரமே அனுப்பாதே" என்று சொல்லி வைத்திருந்த 2 லட்சத்து 49 ஆயிரத்து 159 பேருக்கும் போனது.

அந்த வாரம் என்ன வாரம் தெரியுமா? சூதாட்டத்தால் கெட்டுப் போகாதீர்கள் என்று பிரசாரம் செய்யும் விழிப்புணர்வு வாரம்!

கம்பெனிக்கு 11 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டு அபராதம் விழுந்தது. (ஒரு பவுண்டு, இந்தியப் பணத்தில் 100 ரூபாய்க்கும் மேல்.)

பின் கதவு திறந்தே கிடந்தது

இதைவிடப் பெரிய கூத்து 2017-ம் ஆண்டு வெளிவந்தது. '888' என்ற கம்பெனியில், "என்னை விடாதே" என்று சொன்ன 7 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள், 13 மாதங்களுக்கு மேல் தாராளமாக உள்ளே போய் ஆடிக்கொண்டு இருந்தார்கள்.

எப்படி? சீட்டாட்டப் பக்கம் பூட்டு போட்ட கம்பெனி, பிங்கோ ஆட்டப் பக்கத்தைப் பூட்டவில்லை. முன் கதவை அடைத்துவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை. எந்திரக் கோளாறு என்று பேர். அப்படிப் போனவர்கள் கட்டிய பணம் 35 லட்சம் பவுண்டு.

அதே கம்பெனியில் இன்னொரு வாடிக்கைக்காரரின் கதை நெஞ்சை உலுக்குவது. 13 மாதத்தில் அவர் கட்டிய பந்தயம் 8½ லட்சத்துக்கும் மேல். நாளொன்றுக்கு 2 ஆயிரம் பந்தயத்தைத் தாண்டுகிறது! தினமும் சராசரி 3, 4 மணி நேரம் ஆட்டம். பந்தயத் தொகை மொத்தம் 13 லட்சம் பவுண்டு. அதில் 55 ஆயிரம் பவுண்டு, வேலை பார்த்த இடத்தில் திருடிய பணம்.

இத்தனையும் கம்பெனியின் கணக்கில் வரிசையாகப் பதிவாகி இருந்தது. "என்னப்பா, என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டுத் தடுக்க யாரும் இல்லை. கமிஷன் விதித்த தண்டம் 78 லட்சம் பவுண்டு.

மாப்பிள்ளை மரியாதை

நஷ்டப்படுகிறவரைத் தடுக்காதது ஒரு பக்கம் இருக்கட்டும். அவருக்கு மாப்பிள்ளை மரியாதை செய்ததுதான் விசேஷம்.

நிறைய பணம் விடுகிறவர் 'வி.ஐ.பி.' ஆகிவிடுவார். அவரைக் கவனிக்க தனி மானேஜர். இலவசப் பந்தயத் தொகை. கால்பந்து போட்டிக்கு ஓசி டிக்கெட். சில நாள் ஆட வராவிட்டால், "என்ன சார், ஆளையே காணோமே" என்று விசாரிப்பு.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் 'பெட்வே' கம்பெனிக்கு 1 கோடியே 16 லட்சம் பவுண்டு தண்டம் விழுந்தது. அங்கே ஒரு வி.ஐ.பி. 4 ஆண்டுகளில் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் கட்டி, 40 லட்சத்துக்கு மேல் தோற்றிருந்தார். இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது என்று கம்பெனி சரியாக விசாரிக்கவில்லை.

ஏன் இந்த உபசாரம்? கணக்கைப் பார்த்தால் புரியும். ஒரு கம்பெனியில் வாடிக்கைக்காரர்களில் 100-க்கு 2 பேர்தான் வி.ஐ.பி. மொத்தம் வந்த பணத்தில் 100-க்கு 83 பங்கு அவர்கள் கட்டியது! கமிஷனின் ஆவணம் ஒன்றில் இருந்து 2020-ம் ஆண்டு வெளியான தகவல் இது.

அதே ஆண்டு இங்கிலாந்து பிரபுக்கள் சபையின் கமிட்டி ஓர் அறிக்கை கொடுத்தது. சூதாட்டத் தொழிலின் லாபத்தில் 100-க்கு 60 பங்கு, ஏற்கனவே அடிமையாகிவிட்ட அல்லது அடிமையாகும் நிலையில் உள்ள 5 சதவீதம் பேரிடம் இருந்து வருகிறது என்றது அது.

பொழுதுபோக்குக்கு 10 ரூபாய் வைத்து ஆடுகிறவரால் கம்பெனி வாழவில்லை. விட முடியாதவரால்தான் வாழ்கிறது. அவரை நிறுத்தச் சொல்வது, கடைக்காரரை கல்லாப்பெட்டியை மூடச் சொல்வது மாதிரி.

20 நிமிடத்தில் காலி

'வில்லியம் ஹில்' பழைய பெயர் பெற்ற கம்பெனி. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் அந்தக் குரூப்பு 1 கோடியே 92 லட்சம் பவுண்டு கட்ட நேர்ந்தது. புதிதாகக் கணக்கு திறந்த ஒருவர் 20 நிமிடத்தில் 23 ஆயிரம் பவுண்டு செலவழித்தார். எந்த விசாரணையும் இல்லை! லைசென்சையே நிறுத்தி வைக்கலாமா என்று கமிஷன் யோசிக்கும் அளவுக்கு விவகாரம் முற்றியது.

தில்லுமுல்லு

ஆளை இழுப்பது போதாதென்று, ஆட்டத்திலேயே சில பொறிகள் இருந்தன. விரலை அசைக்காமலே சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ரூபாய் கட்டி 40 காசு திரும்பி வந்தாலும், ஜெயித்த மாதிரி மேளதாளம் முழங்கும். ஜெயித்த பணத்தை வீட்டுக்கு எடுத்துப் போக மனு போட்டால் தாமதமாகும். அதற்குள் மனம் மாறி, "பணம் வேண்டாம், ஆடியே விடுகிறேன்" என்று அதே தொகையை மறுபடி விட்டுவிடலாம்.

சக்கர ஆட்டத்தில் தானாகச் சுற்றுவது, பொய் மேளம், மின்னல் வேகம் ஆகியவற்றுக்கும், எடுக்கக் கேட்ட பணத்தை மறுபடி ஆட விடும் தந்திரத்துக்கும் 2021-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி முதல் அங்கே தடை வந்தது. கடன் அட்டையில் பந்தயம் கட்டுவது 2020 ஏப்ரல் 14-ந் தேதியே நின்றது. ஒரு முறை பதிந்தால் லைசென்சு பெற்ற எல்லா கம்பெனிகளும் கதவைச் சாத்த வேண்டும் என்ற பொதுப் பதிவேட்டில் சேருவதும், அந்த ஆண்டு முதல் எல்லா கம்பெனிக்கும் கட்டாயம்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டைக் கலக்கியது ரம்மி. பணத்தை இழந்து கடனாளியாகி உயிரை விட்டவர்களின் செய்தி அடிக்கடி வந்தது. 2021-ல் போட்ட தடையை ஐகோர்ட்டு ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் புதிய சட்டத்துக்கு கவர்னர் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் போட்ட தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

கம்பெனிகள் தாமாகவே ஆளை நிறுத்தும் என்று தமிழ்நாடு அரசாங்கம் நம்பவில்லை. 2025 பிப்ரவரியில் விதிகள் போட்டது. இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது. ஆதார் கட்டாயம். ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஆடினால், அரை மணிக்கு ஒரு தரம் எச்சரிக்கை காட்ட வேண்டும். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. ஜூன் 3-ந் தேதி ஐகோர்ட்டு, விதிகள் செல்லும் என்றது.

ஆகஸ்டு மாதம் டெல்லியே முந்திக்கொண்டது. பணம் வைத்து ஆடும் செல்போன் ஆட்டங்களுக்குத் தடை விதிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் பெற்றது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை கிடையாது. பெரிய ரம்மி கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின.

ஆனால் கடல் கடந்து இருந்து நடத்தும் கம்பெனிகள், லைசென்சும் இல்லாமல் கமிஷனும் இல்லாமல் செல்போனுக்கு வலை வீசுகின்றன. லைசென்சு வைத்திருந்தவர்களே இப்படி என்றால், கேட்க ஆளே இல்லாதவர்கள் எப்படி இருப்பார்கள்?

சூதாட்ட வெறி ஒரு நோய் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சிகிச்சை உண்டு. வெட்கப்பட வேண்டியதில்லை. 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணுக்கு போன் செய்தால், எந்த நேரமும் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

"விட்டதைப் பிடிக்க இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று செல்போனை எடுக்கும்போது, முதலில் அந்த எண்ணை அழுத்துவது நல்லது. பூட்டின் சாவியை கம்பெனிக்காரனிடம் கொடுப்பதைவிட, வீட்டில் மனைவியிடமோ அண்ணன் தம்பியிடமோ கொடுப்பது அதைவிட நல்லது.