குரல் நாண் வாத அறுவை மருத்துவம்

குரல் நாண் வாதம் என்பது குரல்வளையிலுள்ள இரு குரல் நாண்களில் ஒன்றோ இரண்டுமோ நரம்புப் பழுதினால் அசைவற்றுப் போகும் நிலை ஆகும். இதற்கு வழக்கமாகச் செய்யப்படும் அறுவைகளில் பெரும்பாலானவை அசையாத நாணை மீண்டும் அசையச் செய்வதில்லை; அது நிற்கும் இடத்தை மட்டுமே மாற்றுகின்றன. இவற்றின் பயனும் ஆபத்தும் இதிலிருந்தே தோன்றுகின்றன.

செயற்பாடு

குரல் நாண்களை இரட்டைக் கதவுக்கு ஒப்பிடலாம். மூச்சு விடும்போது அவை விலகும். பேசும்போதும் விழுங்கும்போதும் நெருங்கி மூடும். ஒரு கதவு பாதி திறந்தவாறே நின்றுவிட்டால் காற்று வீணாகி, குரல் கம்மிப்போகும். நீர் அருந்தினால் புரையேறும். இரண்டும் நடுவிலேயே நின்றுவிட்டால் குரல் ஓரளவு தெளிவாக இருக்கும், ஆனால் மூச்சு திணறும். குரல் கெடாததால் இதனை ஆஸ்துமா என்று தவறாகக் கருதுவதும் உண்டு.

காரணங்கள்

நாண்களை இயக்கும் மீள் குரல்வளை நரம்பு சுற்றுவழியில் செல்கின்றது. இடப்புற நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மேலேறுகின்றது. ஆகவே தைராய்டு அறுவை மட்டுமன்றி, நுரையீரல் புற்றுநோய், காசநோய் ஆகியவையும் குரலைப் பறிக்கக்கூடும். ஈரிதழ் வால்வு சுருக்கத்தால் இதயம் வீங்கி இந்நரம்பு நசுங்குவதை 1897 இல் ஓர்ட்னர் விவரித்தார். சிலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. கூகுள் நிறுவனர்களுள் ஒருவரான லாரி பேஜ், சளிக்காய்ச்சல் ஒன்றுக்குப் பின் தமது இடது நாண் செயலிழந்ததாகவும், காரணம் கண்டறியப்படவில்லை என்றும் 2013 இல் தெரிவித்தார்.

ஒருபக்க வாதம்

நரம்பு துண்டிக்கப்படாதிருந்தால் அது தானாகத் தேறலாம் என்பதால், நிலையான அறுவைக்கு முன் ஏறத்தாழ 6 முதல் 12 மாதங்கள் காத்திருப்பது வழக்கம். அதுவரை பேச்சுப் பயிற்சியும், சில மாதங்களில் கரைந்துவிடும் பொருளை நாணில் ஊசியால் செலுத்துவதும் கைகொடுக்கும்.

ஊசிமுறை பழமையானது. 1911 இல் புரூனிங்ஸ் பாரஃபினைப் பயன்படுத்தினார். 1960களில் டெஃப்லான் பரவலாகியது. டெஃப்லான் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அழற்சிக் கட்டிகளை உண்டாக்கியதால் பெரும்பாலும் கைவிடப்பட்டது. உள்ளே செலுத்தியதைத் திரும்ப எடுப்பது எளிதன்று.

சப்பானிய மருத்துவர் இசிகி 1970களில் வகுத்த முதல்வகைத் தைரோபிளாஸ்டியில், தைராய்டுக் குருத்தெலும்பில் சிறு சாளரம் வெட்டி, சிலிக்கோன் துண்டொன்றை வைத்து நாண் நடுக்கோட்டை நோக்கித் தள்ளப்படுகின்றது. பெரும்பாலும் நோயாளி விழித்திருக்கும்போதே இது நடைபெறும். அவரைப் பேசச் சொல்லி, குரலைக் காதால் கேட்டே துண்டின் அளவை மருத்துவர் சரிசெய்கின்றார். வீணைக்குச் சுருதி சேர்ப்பதைப் போன்ற வேலை இது!

துண்டு சிறிதானால் குரல் தேறாது. பெரிதானால் மூச்சுவழி குறுகும். முதல் இரவில் இரத்தக்கசிவாலோ வீக்கத்தாலோ மூச்சுத் தடை ஏற்படலாம் என்பதால், நோயாளியை மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணிப்பது வழக்கம். தொற்று, துண்டு இடம்பெயர்தல், நாண் மேலும் மெலிந்து மறு அறுவை தேவைப்படுதல் ஆகியனவும் உண்டு.

அறுவையின் வெற்றி எதற்காகக் குரல் தேவை என்பதையும் பொறுத்தது. 1939 இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் அறிவிப்பாளருக்குத் தெளிவான பேச்சு மீண்டால் பெரும்பகுதி மீண்டதாகும். திருவரங்கத்தில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் திவ்வியப் பிரபந்தத்தை இசைக்கும் அரையருக்கு அது போதாது. மேல்சுருதியும் நீண்ட மூச்சில் பாடும் ஆற்றலும் பேச்சளவுக்கு மீள்வதில்லை. இதனை அறுவைக்கு முன்பே கேட்டறிதல் நன்று.

இருபக்க வாதம்

இங்கு நோக்கம் நேரெதிரானது: வழியை அகலப்படுத்துவது. மூச்சுத் திணறல் கடுமையானால் முதலில் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் பொருத்தப்படும். பின்னர் லேசர் கொண்டு நாணின் பின்பகுதியை வெட்டும் முறை 1989 இல் டெனிசு, கசிமா ஆகியோரால் வெளியிடப்பட்டது. எவ்வளவு வெட்டப்படுகின்றதோ அவ்வளவு மூச்சு எளிதாகும். குரல் அவ்வளவு தேயும், புரையேறும் வாய்ப்பும் கூடும். குறைவாக வெட்டினால் வடுத்திசு வளர்ந்து வழி மீண்டும் அடைபடலாம். நரம்பு பின்னர் தேறினாலும் வெட்டிய திசு திரும்பாது. எனவே தேறும் வாய்ப்புள்ளவர்களுக்கு, நாணைத் தையலிட்டு ஒருபுறம் இழுத்துக் கட்டி, தேவையற்றபோது தையலை அவிழ்த்துவிடும் முறையும் கையாளப்படுகின்றது.